காற்றால் குளிரும் காருக்கு வேறு கியர்பாக்ஸ்

சிங்கப்பூரில் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களிடையே திரும்பத் திரும்ப எழும் கேள்வி இது: இந்த நான்கு கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாமா? கேட்பதற்கான காரணம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவரின் காரில் மூன்றாம் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. இன்னொருவர் விடுமுறை நாளில் கடற்பாலம் தாண்டி மலாக்கா போகிறார். நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறுவது அவருக்குப் பொறுக்கவில்லை. மூன்றாமவர் பெரிய இன்ஜினைப் பொருத்திவிட்டு, பழைய பல்சக்கரங்கள் அதைத் தாங்குமா என்று அஞ்சுகிறார். நான்காமவரின் மகளிடம் 3ஏ வகுப்பு உரிமம் இருக்கிறது. கிளட்ச் மிதி உள்ள காரை அவர் ஓட்டச் சட்டம் இடம் தராது.

நால்வருக்கும் ஒரே விடை கிடையாது. ஆனால் நால்வரும் முதலில் எடைபோட வேண்டிய ஒன்று உண்டு. பெரும்பாலும் அதுதான் கடைசியில் நினைவுக்கு வருகிறது. பீட்டிலின் இன்ஜினுக்கு ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் வழியாகச் சுழலும் விசிறிதான் சிலிண்டர்களின் மேல் காற்றைத் தள்ளுகிறது. அந்த விசிறி கிராங்கைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு வேகத்தில் சுற்றும். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் காற்று அதிகம், மெதுவாகச் சுற்றினால் குறைவு. கார் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது விசிறிக்குத் தெரியாது. சாலை வேகத்தையும் விசிறி வேகத்தையும் கோக்கும் ஒரே கண்ணி கியர்பாக்ஸ். ஆகவே காற்றால் குளிரும் காரில் கியர் விகிதத்தை மாற்றுகிறவர் குளிர்விப்பையும் சேர்த்தே மாற்றுகிறார். ஆண்டு முழுவதும் பகலில் முப்பது டிகிரிக்கு மேல் இருக்கும் ஓர் ஊரில் இதை ஓரமாக வைத்துவிட்டுப் பேச முடியாது.

எண்களைப் பார்ப்போம். 1200 சிசி பீட்டிலின் கடைசி விகிதம், அதாவது மெக்கானிக்குகள் கிரவுன்–பினியன் என்று சொல்லும் சோடியின் விகிதம், 4.375. நான்காம் கியர் 0.89. பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் உருளும் என்று வைத்துக்கொண்டால், 90 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,920 சுற்று சுற்றும். 1970களின் 1600 கார்களில் வந்த 3.875 கிரவுனும் 0.88 நான்காம் கியரும் கொண்ட பெட்டியைப் போட்டால் அது சுமார் 2,560 ஆகக் குறையும். நெடுஞ்சாலைக்கென்றே சிலர் 0.82 நான்காம் கியரைப் பொருத்துகிறார்கள். அப்போது சுமார் 2,380. கார் அதே வேகத்தில் போகிறது. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி ஏறத்தாழ அதேதான், எரியும் எரிபொருளும் உண்டாகும் வெப்பமும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் விசிறியின் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்ச வேகம் 90 கிலோமீட்டர். பல பகுதிகளில் அதைவிடக் குறைவு. 2,900 சுற்று என்பது பீட்டிலின் இன்ஜினுக்குச் சுகமான வேகம். அதைக் குறைக்க வேண்டிய தேவை இந்தத் தீவுக்குள் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மலேசியாவின் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் அனுமதி உண்டு. அங்கே பழைய பெட்டியில் 3,570 சுற்று வரும், பிந்தைய பெட்டியில் 3,130. அந்த வேறுபாடு காதுக்கும் தெரியும், இன்ஜினின் ஆயுளுக்கும் நல்லது. மலாக்கா போகிறவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தோ பாயோவுக்கும் தேக்காவுக்கும் இடையில் மட்டும் ஓட்டுகிறவர் அதே பெட்டியைக் கேட்டால் நான் வேண்டாம் என்பேன்.

நகர ஓட்டத்தின் கணக்கு வேறு. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில், அதுவும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒளி அலங்காரம் எரியும்போது, கார்கள் மனிதர் நடக்கும் வேகத்தில்தான் ஊர்கின்றன. முதல் கியர் 3.80, கிரவுன் 4.375 என்றால், இன்ஜின் ஐட்லிங்கில் 850 சுற்றில் கார் மணிக்கு ஆறு கிலோமீட்டரில் ஊரும். 3.875 கிரவுனில் அது ஏழை நெருங்கும். ஒரு கிலோமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் முன்னால் போகும் பேருந்தின் வேகம் அதற்குக் கீழே குறையும் ஒவ்வொரு முறையும் கிளட்சை அழுத்தியும் பாதி விட்டும் சமாளிக்க வேண்டும். தேய்வது கிளட்ச் தட்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பலமாடிக் கார்நிறுத்தத்தின் சரிவில் நின்று கிளம்பும்போதும் இதே கதைதான். உயரமான, அதாவது எண் குறைந்த, கிரவுனோடு சிறிய இன்ஜினை இணைத்தவர்கள் இங்கேதான் வருந்துகிறார்கள்.

இனி, எந்தெந்தப் பெட்டிகள் கைக்கு எட்டும் என்பது. இந்த வட்டாரத்தில் பீட்டில்கள் இவ்வளவு இருப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சாம்பியன் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை 1968இல் ஷா ஆலமில் தொடங்கி, ஃபோக்ஸ்வாகன்களை அங்கேயே பூட்டியது. அந்தத் தொழிற்சாலை பின்னர் அசெம்பிளி சர்வீசஸ் என்று பெயர் மாறி டொயோட்டாவுக்குப் போனது. கார்களும் அவற்றின் உதிரிகளும் அவற்றைக் கழற்றிப் பழகிய கைகளும் மலேசியாவில் தங்கிவிட்டன. இங்கே ஜாலான் புசார், சுங்கை ரோடு பக்கம் பழைய இரும்பிலும் உதிரியிலும் தேடிப் பிடித்த காலம் முடிந்துவிட்டது. சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. இன்று வேலை நடப்பது சின் மிங், காக்கி புக்கிட், ஊபி போன்ற தொழிற்பேட்டைகளில். பெட்டி வருவது ஜொகூரிலிருந்தோ கப்பலிலிருந்தோதான். ஜப்பானிலிருந்து முன்பாதி மட்டும் வெட்டி அனுப்பப்படும் ஹாஃப்-கட் கார்கள் மலேசியாவில் பெரிய வியாபாரம். சுபாரு பெட்டியைக் கையில் எடுப்பவர்களுக்கு அது ஒரு வாசல்.

பீட்டிலின் பெட்டியில் கியரும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. இன்ஜின் அதற்குப் பின்னால் நான்கு போல்ட்டில் தொங்குகிறது. பெட்டியின் மூக்குப் பகுதி முன்னோக்கி சேசிஸின் நடுக்குழாயை எட்டி நிற்கிறது. அந்தக் குழாய்க்குள் ஓடும் நீண்ட தண்டுதான் கியர் குச்சியை மூக்கோடு இணைக்கிறது. தொடக்கக் காலப் பெட்டிகளில், பற்கள் உரசாமல் கியர் மாற உதவும் சிங்க்ரோ இல்லை. 1952 இலையுதிர் காலத்தில் இரண்டு, மூன்று, நான்காம் கியர்களுக்கு அது வந்தது. 1961 மாடலில் முதல் கியருக்கும் சேர்த்து நான்குக்கும் வந்ததோடு, இரண்டாகப் பிளந்து பூட்டிய கூடு போய் ஒரே வார்ப்பாலான கூடு வந்தது. பழைய பிளவுக் கூட்டுக் காருக்குப் பிந்தைய ஒற்றைக் கூட்டுப் பெட்டியை மாற்றுவது உலகெங்கும் பலர் செய்த மாற்றம். காரின் குணத்தைக் கெடுக்காமல் ஓட்டுவதை எளிதாக்கும் மாற்றமும் இதுவே. மூன்றாம் கியர் நழுவும் காருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: அதே குடும்பத்தின் பிந்தைய பெட்டி, பழைய கிரவுன் விகிதத்தோடு.

அதே குடும்பம் என்றதும் அப்படியே உட்கார்ந்துவிடும் என்று எண்ணவேண்டாம். 1960களின் பிற்பகுதியில் ஃபோக்ஸ்வாகன் ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டுக்கு மாறியபோது ஃப்ளைவீலின் பற்கள் 109இலிருந்து 130 ஆயின; கிளட்ச் 180 மில்லிமீட்டரிலிருந்து 200க்குப் போனது. பழைய பெட்டியின் பெல்ஹவுசிங் எனப்படும் மணிக்கூட்டுக்குள் பெரிய ஃப்ளைவீல் உரசும். உட்புறத்தைக் கொஞ்சம் செதுக்கியே ஆகவேண்டும். ஸ்டார்டர் மோட்டாரின் தண்டு நுழையும் புஷ்ஷும் மாறும். 1970களில் கிளட்ச் பேரிங்குக்கு நடுவே வழிகாட்டிக் குழல் வந்தது. அதற்கு வேறு பிரஷர் பிளேட். மூக்கு மவுண்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. இவற்றை மேசையில் வரிசையாக வைத்து ஒப்பிடாமல் பெட்டியை ஏற்றினால் அதே பெட்டியை மறுபடியும் இறக்க நேரும்.

பெரிய பிளவு இன்னொன்று. பழைய பீட்டில்களில் பின் அச்சுக் குழாய்கள் பெட்டியோடு சேர்ந்து ஊசலாடும். பிந்தைய சில மாடல்களிலும் 1970இல் வந்த சூப்பர் பீட்டிலிலும் பக்கத்துக்கு இரண்டு சிவி ஜாயின்டுகளோடு சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும். ஊசல் அச்சு சேசிஸில் பிந்தைய வகைப் பெட்டியைப் பொருத்த, டார்ஷன் குழாயில் புதிய தாங்கிகளை வெல்டிங் செய்ய வேண்டும், சாய்வுக் கைகளை மாற்ற வேண்டும். நன்றாகச் செய்தால் கார் வளைவில் நிலையாக நிற்கும், உண்மைதான். ஆனால் அப்போது கியர்பாக்ஸ் மாற்றம் சேசிஸ் மாற்றமாகிவிட்டது. பீட்டிலின் சேசிஸ் எண் பின் இருக்கையின் கீழ் நடுக்குழாயின் மேல்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. வெட்டும் நெருப்பும் அந்த இடத்தை நெருங்கும் எந்த வேலையையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

ஃபோக்ஸ்வாகனின் கோம்பி வேனின் பெட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1967 வரை வந்த கோம்பிகளில் பின்சக்கரத்தின் அருகே கூடுதல் பல்சக்கரப் பெட்டி இருந்தது. அது சுழற்சியின் திசையைத் திருப்பிவிடும். அதைச் சரிக்கட்ட டிஃபரன்ஷியலில் கிரவுன் மறுபக்கம் வைக்கப்பட்டது. அந்தப் பெட்டியை அப்படியே பீட்டிலில் பொருத்தினால் பின்னோக்கி நான்கு கியரும் முன்னோக்கி ஒன்றும் கிடைக்கும். கிரவுனைப் பக்கம் மாற்றிப் பூட்டினால் சரியாகிவிடும். 1968க்குப் பிந்தைய கோம்பிப் பெட்டிகளில் இந்தச் சிக்கல் இல்லை. பெரிய இன்ஜின் போட்டவருக்கு அவற்றின் கனத்த பல்சக்கரங்கள் பொருந்தும். மவுண்டுகளை மாற்றியமைக்க வேண்டும்.

சுபாருவின் ஐந்து கியர் பெட்டி இளைஞர்களை இழுக்கிறது. காரணம் புரிகிறது: மலிவு, வலிமை, மென்மையான சிங்க்ரோ. ஆனால் சுபாருவில் இன்ஜின் முன்னால், பெட்டி அதற்குப் பின்னால். பீட்டிலில் நேர் எதிர். முழு அமைப்பையும் திருப்பி வைக்கும்போது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். ஃபோக்ஸ்வாகனில் செய்ததுபோல் கிரவுனைப் பக்கம் மாற்றினால் இங்கே போதாது. சுபாருவின் பினியன் கிரவுனின் மையத்திலிருந்து விலகி அமைந்திருப்பதால், எதிர்த்திசைக்கென்றே வெட்டிய புதிய கிரவுன்–பினியன் சோடி வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தை இரண்டாகக் குறைக்க வேண்டும், கியர் குச்சிக்குக் கேபிள் போட வேண்டும், மூக்குக்கு இடம் செய்ய வேண்டும். பொதுவாக இதோடு சுபாருவின் தண்ணீர் குளிர்விப்பு இன்ஜினும் சேர்ந்தே வரும். அந்த நிலையில் காற்றுக் கணக்கு தேவையற்றுப் போகிறது, காரும் வேறாகிவிடுகிறது. காற்று குளிர்விப்பு இன்ஜினை வைத்துக்கொண்டு சுபாரு பெட்டி மட்டும் போடுவது, செலவையும் உழைப்பையும் பார்த்தால், எனக்கு எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை.

காற்றால் குளிரும் போர்ஷே 911 உரிமையாளர்களின் விவாதம் இன்னும் கூர்மையானது. 1964இல் உற்பத்திக்கு வந்த 911இன் 901 பெட்டியில் முதல் கியர் இடப்பக்கம் பின்னால் இருக்கும். 1972 மாடலில் 915 வந்தது, 1987இல் ஜி50. முதலிரண்டும் போர்ஷேயின் தனிவகை சிங்க்ரோவில் இயங்குபவை; குளிர்ந்த எண்ணெயில் மெதுவாகத்தான் மாற்ற வேண்டும். ஜி50இல் பொதுவழக்கான சிங்க்ரோ, ஹைட்ராலிக் கிளட்ச். பழைய 911க்கு ஜி50 வேண்டும் என்ற ஆசைக்கு இதுதான் காரணம். ஆனால் ஜி50 நீளமானது. அதற்கு இடம் தர போர்ஷேயே 1987இல் பின் டார்ஷன் குழாயின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முந்தைய காரில் அதைப் பொருத்த, சுமை தாங்கும் அந்தக் குழாயை வெட்டியே ஆகவேண்டும். 1998 வரை நீண்ட காற்று குளிர்விப்பு 911களின் எண்ணிக்கை இனிக் கூடப்போவதில்லை. சரியாகப் பூட்டிய 915 தொல்லை தராது. தேய்ந்த சிங்க்ரோ வளையங்களையும் தளர்ந்த கியர் தண்டு இணைப்பையும் வைத்துக்கொண்டுதான் பலர் அதைத் திட்டுகிறார்கள். அந்த இணைப்பில் உள்ள சிறிய புஷ்கள் விலை குறைந்தவை; குழாயை வெட்டும் முன் அவற்றை மாற்றிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

இத்தாலியர்களிடம் இதைவிட எளிய வழக்கம் உண்டு. 1957 முதல் 1975 வரை வந்த ஃபியட் 500இன் இரட்டைச் சிலிண்டர் இன்ஜினும் காற்றால் குளிர்வது; கடைசிவரை அதன் பெட்டியில் சிங்க்ரோ இல்லை. 1972இல் வந்த ஃபியட் 126இன் சிங்க்ரோ பெட்டியைச் சில சிறிய மாற்றங்களோடு 500இல் பொருத்துகிறார்கள். சேசிஸ் தொடப்படுவதில்லை, விகிதங்களும் காற்றுக் கணக்கைக் குலைப்பதில்லை.

3ஏ உரிமத்தின் பிரச்சினைக்கு வருகிறேன். ஃபோக்ஸ்வாகனே 1968 மாடலில் கிளட்ச் மிதி இல்லாத பீட்டிலைத் தந்தது. கியர் குச்சியைத் தொட்டதும் ஒரு மின் தொடுப்பு வெற்றிட சர்வோவை இயக்கிக் கிளட்சைப் பிரிக்கும்; டார்க் கன்வெர்ட்டரோடு மூன்று கியர். போர்ஷேயின் ஸ்போர்ட்டோமேட்டிக்கும் இதே வழிதான். இதைச் சாதாரண பீட்டிலுக்கு மாற்றுவது எளிதல்ல. பெட்டி, மணிக்கூடு, சிவி ஜாயின்டு கொண்ட பின் அச்சு, கன்வெர்ட்டர் எண்ணெய்க்கான தனித் தொட்டி, இன்ஜினில் இரட்டை எண்ணெய்ப் பம்பு எல்லாம் வேண்டும். உதிரிகள் அரிது. கன்வெர்ட்டரின் வழுக்கல் கூடுதல் வெப்பத்தையும் தரும். இந்தத் தேவைக்கு ஏற்கெனவே அப்படிப் பிறந்த ஒரு காரைத் தேடுவதே மேல். மின்மாற்றம் இன்னொரு வழி: 2019இல் ஃபோக்ஸ்வாகன் ஒரு கூட்டு நிறுவனத்தோடு சேர்ந்து, இ-அப் காரின் மோட்டாரையும் ஒற்றை விகிதப் பெட்டியையும் பழைய பீட்டிலில் பொருத்திக் காட்டியது. விசிறி பற்றிய கவலை அதில் இல்லை. ஆனால் அந்த இன்ஜினின் ஒலிக்காகவே பீட்டிலை வைத்திருப்பவரிடம் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

சட்டத்தின் பக்கம். சிங்கப்பூரில் பழைமைக் கார் திட்டத்தில் சேர, கார் முதலில் பதிவாகி 35 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலையில் ஓட்டலாம். இந்த எண்ணிக்கையே ஒரு வாதம். 45 நாள் ஓடும் காருக்கு நெடுந்தூரப் பெட்டி எதற்கு என்றும் கேட்கலாம். அந்த 45 நாளையும் மலேசியப் பயணத்துக்கே வைத்திருக்கிறேன் என்றும் சொல்லலாம். இரண்டும் நேர்மையான நிலைப்பாடுகள். எப்படியானாலும், பெட்டியின் வகையை மாற்றுவதும் சேசிஸில் வெல்டிங் செய்வதும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டு எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே தொடங்க வேண்டிய வேலைகள். ஒர்க்‌ஷாப்பின் வாய்மொழி உறுதி பரிசோதனை நிலையத்தில் செல்லாது. பெட்டியைப் பிரித்த பின் அனுமதி மறுக்கப்பட்டால், இந்த ஊரின் இடவாடகையில் அந்தக் கார் எத்தனை மாதம் தாங்கிகளின் மேல் நிற்க முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மலாக்கா போகிறவருக்கு 3.875 பெட்டியை நான் ஒப்புக்கொண்டேன். அதற்கு இரண்டு நிபந்தனைகள். 1970 வரையிலான இன்ஜின்களில் எண்ணெய்க் குளிர்விப்பான் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் குறுக்கே நிற்கிறது. அந்தச் சிலிண்டர்தான் முதலில் எரிந்துபோகும். 1971 மாடலில் குளிர்விப்பானை வெளியே நகர்த்தித் தனிக் காற்றுவழி கொடுத்தார்கள். பழைய கூடு உள்ள காரில் உயரமான பெட்டி போடும் முன் இந்தப் பிந்தைய கூட்டைப் போட வேண்டும். இரண்டாவது, நான்காம் கியரை 0.82க்கு இறக்க வேண்டாம். மூன்றாம் கியர் 1.26இலிருந்து 0.88க்குப் போகும்போது இன்ஜின் வேகம் 30 விழுக்காடு குறைகிறது, 0.82க்குப் போனால் 35. கெந்திங் மலைப்பாதையில் மூன்றாம் கியர் அலறும், நான்காம் கியர் இழுக்காது; இழுக்காத நான்காம் கியரில் மிதியை அழுத்திக்கொண்டே ஏறுவதுதான் காற்றில்லாத வெப்பத்தின் உச்சம்.

பீட்டிலின் இன்ஜினில் இருப்பது வெறும் இரண்டரை லிட்டர் எண்ணெய். அதன் வெப்பநிலையைக் காட்டும் மானி ஒன்றைப் பெட்டி வாங்கும் முன்பே பொருத்திவிடுங்கள். பழைய பெட்டியோடு பிற்பகல் வெயிலில் தீவு விரைவுச்சாலையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அனுமதிக்கப்பட்ட வேகத்தில் ஓட்டி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சிராங்கூன் சாலை நெரிசலில் ஒருமுறை. புதிய பெட்டி ஏறியபின் அதே நேரத்தில், அதே பாதையில், அதே எண்ணெயில் மீண்டும் ஓட்டுங்கள். எண்ணெய் 120 டிகிரியை நெருங்கினால் வேகத்தைக் குறைப்பதைவிட மூன்றாம் கியருக்கு இறங்கி விசிறியைச் சுற்றவிடுவதே முதல் உதவி. அப்படி அடிக்கடி இறங்க நேர்ந்தால் கிரவுன் இந்த இன்ஜினுக்கு உயரம் என்று பொருள். அதற்காகவே கழற்றிய பழைய பெட்டியை விற்காமல், அடியில் பொறித்துள்ள எழுத்துக் குறியீட்டைக் குறித்து, எண்ணெய் வடித்து, துளைகளை அடைத்து உலர்ந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும்.